குட்டியும் பிள்ளையும்

மனிதர்களைப் போலவே சொற்களும் ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் வாழ்வதுண்டு. ஆங்கிலத்தில் ‘கிட்’ என்றொரு சொல். வெள்ளாட்டுக் குட்டிக்கு உரிய பெயர் அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கொச்சைப் பேச்சில் குழந்தையையும் குறிக்கலாயிற்று. இன்றோ அது வீட்டுக்கு வீடு வழங்கும் செல்லச் சொல். வினையாக வரின் கேலி செய்தல் என்று பொருள். ‘கிட்நாப்’ என்னும் சொல்லிலும் அதுவே முன்னிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சிறுவர்களையும் பிறரையும் கவர்ந்து அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பிய கொடுமையில் பிறந்த சொல் அது!

ஆட்டின் பெயரால் குழந்தையை அழைப்பதா என்று முகம் சுளிப்பாருண்டு. அவர்கள் தொல்காப்பிய மரபியலைப் புரட்டிப் பார்க்கட்டும். இளமைப் பெயர்கள் பலவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டையே மக்களுக்கு உரியவை என்கிறது அந்நூல். ‘பிள்ளை’ என்பதைப் பறவைக்கும் தவழும் உயிர்க்கும் மரஞ்செடிக்கும் வகுத்தது. கீரிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் அதன் எச்சங்கள் அன்றோ? அச்சொல்லையே பின்னாளில் நம் மக்களுக்குச் சூட்டி மகிழ்ந்தோம். “பிள்ளை குட்டிகள் நலமா?” என்றுதானே இன்றும் கேட்கிறோம்? ஆகவே சொல் தாழ்ந்ததன்று. தாழ்வு இருப்பின் அது மனத்தில்தான்.

அம்மனத்தை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தொப்பூர்க் கணவாயின் அடிவாரத்தில் ஆடு வளர்ப்போரைக் கேளுங்கள். ஈன்றது பெட்டைக்குட்டி என்றால் பட்டி பெருகும் என்று பூரிப்பர். கிடாக்குட்டி சந்தைக்கோ கோயில் நேர்த்திக்கோ போய்விடும். அதே வீட்டில் பிறந்தது பெண்பிள்ளை என்றால்? சில முகங்கள் வாடுகின்றன. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001இல் அது நம் தருமபுரிக்கும் வந்தது. அரசு தொட்டில் கட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது? பெட்டைக்குட்டி வரவு, பெண்பிள்ளை செலவு. வரதட்சணை எழுதிய கணக்கு இது!

தோழர்களே! ஆட்டுக்குட்டியின் பெயரைக் குழந்தைக்குக் கொடுத்தான் ஆங்கிலேயன். பறவையின் பெயரைக் கொடுத்தான் தமிழன். பெயரைக் கொடுத்தால் போதுமா? பட்டியில் பெட்டைக்குட்டி பெறும் வரவேற்பை வீட்டில் பெண்பிள்ளையும் பெற வேண்டும். வரதட்சணை வாங்கமாட்டோம் என்று இக்கல்லூரியின் ஆண்மக்கள் உறுதி பூணட்டும். அன்றே அக்கணக்கு மாறும். ‘பிள்ளை’ என்ற சொல்லும் முழுப்பொருள் பெறும்.