பளபளக்கும் தரையும் கீழிருந்து ஏறும் ஓதமும்

கடலூரிலோ சிதம்பரத்திலோ சமீபத்தில் திறந்த ஷோரூம், ஜிம், பைக் சர்வீஸ் சென்டர் எதிலாவது நுழைந்து பாருங்கள். தரையில் முகம் தெரியும். டைல்ஸ் இல்லை, இணைப்புக் கோடுகள் இல்லை, ஒரே வழவழப்பு. "எபாக்ஸி போட்டிருக்கோம் சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இப்போது வீட்டுக் கூடம், கார் நிறுத்தும் இடம், மொட்டை மாடி வரை இந்த ஆசை வந்துவிட்டது. அதைப் பற்றித் தான் இன்றைக்கு.

முதலில் எபாக்ஸி என்றதும் மிரள வேண்டாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு ட்யூபாக விற்பார்களே அரால்டைட், அதே குடும்பம் தான். ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டனும் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியாக இந்த வேதியியலில் வேலை செய்தார்கள். 1946-இல் சீபா நிறுவனம் அரால்டைட் பசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒட்டுவதற்கு வந்த சரக்கு பிறகு தரைக்கும் வந்து சேர்ந்தது.

இது பெயின்ட் போலக் காய்வதில்லை. இரண்டும் கலந்ததும் வேதிவினை தொடங்கி, சூடு கிளம்பி, இறுகுகிறது. சித்திரை வெயிலில் ஒரு வாளி கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் வாளியிலேயே கல்லாகி இருக்கும் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் ரெசின் தரை கெட்டுப் போனால் எல்லோரும் திட்டுவது பிராண்டைத் தான். என் கருத்து வேறு. பெரும்பாலும் தோற்பது மேலே பூசியது அல்ல, பூசுவதற்கு முன்னால் செய்யாமல் விட்டது.

நாம் எந்த மண்ணில் வீடு கட்டியிருக்கிறோம் என்று யோசியுங்கள். சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். கடலூரில் கெடிலம், பெண்ணையாறு, உப்பனாறு, அப்புறம் கடல். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறி வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறும் வீடுகள் எத்தனை!

கான்கிரீட் பார்க்கத் தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. மண்ணில் இருக்கும் ஈரம் அவற்றின் வழியாக மேலே ஏறும். சாதாரண சிமென்ட் தரையிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். அதன் மேல் எபாக்ஸி பூசினால் பானையின் வாயைக் கட்டியது போல ஆகிவிடும். போக வழியில்லாத ஈரம் அடியில் சேர்ந்து, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். ஈரத்தோடு வந்த உப்பும் அடியில் பூத்துத் தன் பங்குக்குத் தள்ளும். எங்கள் உறவினர் ஒருவர் கடலூர் ஓ.டி.யில் கடை வைப்பதற்காகத் தை மாதம் பூசிய தரை, அடுத்த கார்த்திகையில் அப்பளம் போல எழும்பியது. பூசியவர் சொன்ன காரணம், "சார், மெட்டீரியல் சரியில்ல". தரையைச் சோதித்தீர்களா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

இத்தனைக்கும் அந்தச் சோதனைக்கு லட்ச ரூபாய் இயந்திரம் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பாலிதீன் தாள் ஒன்று. நான்கு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, கீழே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சோதனையைக் கோடையில் மட்டும் செய்து திருப்திப்பட்டால் போதாது. மழைக்காலத்தில் அந்தத் தரை எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும்.

புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும் என்பது பொது விதி. கிரகப்பிரவேச தேதி குறித்துவிட்டு 10 நாளில் பூசச் சொன்னால் ஜோசியருக்குச் சரி, கான்கிரீட்டுக்குச் சரி வராது. பிறகு மேல்தோலை கிரைண்டிங் செய்து, தூசியை முழுக்க உறிஞ்சி எடுத்து, பிரைமர் அடிக்க வேண்டும். சதுர அடிக்கு ரேட் குறைத்துப் பேசும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வேலை தான். ஏனென்றால் முடிந்த பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது வெளித் தளம். சாதாரண எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளடித்து, நாளடைவில் சுண்ணாம்பு போலப் பொடி உதிரும். இது ரகசியமல்ல, தயாரிப்பாளர்களின் தகவல் தாளிலேயே இருக்கும். வெளியில் போட வேண்டுமென்றால் மேலே வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் போல ஒரு பூச்சு வேண்டும். மழையில் வழுக்காமல் இருக்க மணலும் தூவ வேண்டும். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் வீட்டில் கண்ணாடித் தரை போட்டால் முதலில் விழப் போவது பாட்டி தான்.

மொட்டை மாடி இன்னும் மோசம். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. கடினமான எபாக்ஸியால் இந்த இழுபறிக்கு ஈடு கொடுக்க முடியாது. அங்கே வேண்டியது நீண்டு சுருங்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. இல்லாவிட்டால் நம் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன் மேல் தட்டு ஓடு. அதையும் வாட்டம் பார்த்துப் போட்டால் தான் தண்ணீர் ஓடும்.

அப்படியானால் ரெசின் தரையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டர், மருந்துத் தொழிற்சாலை, இறால் பதப்படுத்தும் கூடம் போன்ற இடங்களில் இணைப்பில்லாத தரை பெரிய வரம். அழுக்கு தங்க இடமில்லை, கழுவுவது சுலபம், சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் ரசாயனத்தையும் தாங்கும். தேவை இருக்கிற இடத்தில் முறையாகச் செய்தால் பல வருடம் உழைக்கும். என் சண்டை, தேவையே இல்லாத இடத்தில் பளபளப்புக்காகப் பூசுவதோடும், தேவையான இடத்தில் அரைகுறையாகப் பூசுவதோடும் தான்.

கடைசியாக, இந்தப் பேச்சில் யாரும் எடுக்காத ஒன்று. பூசுகிறவரின் கை. இறுகாத எபாக்ஸியும் ஹார்டனரும் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒரு முறை உடல் அதற்கு எதிரியாகிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மாறாது. அதன் பிறகு துளி பட்டாலே அரிப்பும் புண்ணும் தான், தொழிலையே விட வேண்டியிருக்கும். நம் ஊரில் வெறுங்காலோடு, வெறுங்கையோடு கலக்கி, வேலை முடிந்ததும் தின்னர் ஊற்றிக் கை கழுவுகிறார்கள். தின்னர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு ரெசினை இன்னும் உள்ளே விடும். நல்ல நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி, மொத்த பில்லில் எந்த மூலைக்கு? கூலிக்கு வருகிற பையன் தானே என்ற எண்ணம் தான் அதை வாங்க விடுவதில்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ மாமா கடையிலோ யாராவது ரெசின் தரை போடப் போகிறோம் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஈரம் சோதித்தாயிற்றா? கிரைண்டிங் ரேட்டில் சேர்ந்திருக்கிறதா? வேலை செய்பவர்களுக்குக் கையுறை உண்டா? மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பழைய சிமென்ட் தரையே போதும். அதில் முகம் தெரியாது, ஆனால் கார்த்திகை மழைக்குக் கொப்புளமும் வராது.