சும்மா இருக்கும் ஏழு, திணறும் ஒன்று

டிக்கெட் பதிவு தொடங்கிய நேரம். இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வரைக் கவனிக்கும் இன்ஜினீயர் திரையைப் பார்த்தால், பிராசஸரில் 13 சதவீதம்கூட வேலை நடக்கவில்லை. பிறகு ஏன் இந்தத் திணறல்?

விடை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இன்றைய பிராசஸருக்குள் ‘கோர்’ எனப்படும் பல மூளைகள் இருக்கின்றன. எட்டு கோர்களில் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட உழைத்து, மற்ற ஏழும் சும்மா இருந்தால், சராசரி 12.5 சதவீதம் என்றுதான் காட்டும்.

ஒரு கோர் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது? நெட்வொர்க் கார்டுக்குத் தகவல் பொட்டலம் வந்ததும் அது பிராசஸரைக் கூப்பிடும். இதற்கு ‘இன்ட்டரப்ட்’ என்று பெயர். கூப்பிடப்பட்ட கோர், கையிலிருக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வர வேண்டும். 10 கிகாபிட் இணைப்பில், மிகச் சிறிய பொட்டலங்களாக இருந்தால், நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டால் தாங்காது என்பதால், லினக்ஸ் ஒரே அழைப்பில் பலவற்றை மொத்தமாக அள்ளிக்கொள்கிறது. ஆனாலும் அள்ளிய பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை, பெரும்பாலும் அழைப்பை ஏற்ற கோரின் தலையிலேயே விழுகிறது. எல்லா அழைப்பும் ஒரே இடத்துக்குப் போனால், ஒரு கட்டத்தில் பொட்டலங்கள் தவறத் தொடங்கும்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் எட்டுப் பேர் இருக்க, சாமான் வண்டி வரும்போதெல்லாம் சாம்பார் கிளறுபவரையே வாசலுக்குக் கூப்பிட்டால் அடிப்பிடிக்கத்தானே செய்யும்? வாசலுக்கென்று இரண்டு பேரை ஒதுக்கிவிட்டால், அவர் அடுப்பை விட்டு நகர வேண்டாம். அவரை அடுப்புக்கு அடுப்பு மாற்றுவதும் கூடாது. உப்பு, புளி எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கோருக்கும் அப்படியே. அடிக்கடி தேவைப்படும் தகவலைத் தன் பக்கத்திலேயே ‘கேஷ்’ நினைவகத்தில் வைத்திருக்கும். புரோகிராம் வேறு கோருக்கு மாறினால், அதையெல்லாம் மறுபடி சேகரிக்க வேண்டும்.

லினக்ஸில் ‘டாஸ்க்செட்’ என்ற கட்டளை, ஒரு புரோகிராமைக் குறிப்பிட்ட கோரில் உட்கார வைக்கும். இன்ட்டரப்ட்டுகளையும் எந்தக் கோருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கலாம். இன்றைய சர்வர் கார்டுகளில் பல வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையையும் ஒரு கோரிடம் ஒப்படைக்கலாம்.

ஆனால், இடம் ஒதுக்கியதும் வேலை முடிந்துவிடாது. டாஸ்க்செட் மற்ற புரோகிராம்களை விரட்டாது. அவையும் அதே கோரில் வந்து உட்காரலாம். அப்போது மற்ற ஏழும் காலியாக இருந்தாலும், கட்டிப்போட்ட புரோகிராம் அங்கேயே காத்துக் கிடக்கும். ‘ஐஆர்க்யூ பேலன்ஸ்’ என்ற சேவை ஓடிக்கொண்டிருந்தால், கையால் பிரித்த ஏற்பாட்டை அது மாற்றிவிடலாம். சர்வரை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மறுபடி அமைக்க வேண்டும்.

வீட்டுக் கணினிக்கு இந்த வேலையெல்லாம் தேவையில்லை, விண்டோஸே பார்த்துக்கொள்ளும். சர்வர் வைத்திருப்பவர்கள் மட்டும், புதிய இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் முன், ‘டாப்’ திரையில் 1 என்ற எண்ணை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். எந்தக் கோர் திணறுகிறது, எது தூங்குகிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். பல நேரங்களில் குறை ஆள் பற்றாக்குறையில் இல்லை; வேலையைப் பங்கிட்டதில்தான் இருக்கும்.