ஆறப் பொறுக்காதவன்

சமையலறை மேடைக்குக் கல் எடுக்கப் போனோம். மனைவிக்குக் கறுப்பு பிடித்தது. எனக்குச் சாம்பல் நிறத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டது.

“ரயில்வே ஸ்டேஷன் தரை மாதிரி இருக்குங்க” என்றாள். கறுப்பே வந்தது. பில்லில் ‘பிளாக் கிரானைட்’ என்று எழுதி, மேடையில் பதித்து, காபியும் போட்டாகிவிட்டது.

மாடி வீட்டில் ஒரு சார். காலேஜில் ஜியாலஜி சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆனவர். காபிக்குக் கூப்பிட்டேன். வந்தவர் காபியை விட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து லென்ஸ் எடுத்து மேடையை மோந்து பார்க்காத குறையாகக் குனிந்தார்.

“இது கிரானைட் இல்லையேப்பா!”

அவ்வளவுதான். கடைக்குப் போன் போட்டு, தெருவே கேட்கக் கத்தினேன். “எல்லாம் உன் கறுப்பு ஆசையால வந்தது” என்று மனைவி மீதும் பாய்ந்தேன். அவள் பதில் பேசவில்லை. (பேசியிருந்தால் தேவலை!)

திரும்பினால், சார் அதே நாற்காலியில். “நான் இன்னும் முடிக்கலையேப்பா...”

முடித்தார்.

கிரானைட், அதன் தூரத்துச் சொந்தம் பசால்ட் - இரண்டுமே உருகிய பாறைக் குழம்பு இறுகி வந்தவைதான். கிரானைட் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், அவசரமே இல்லாமல் ஆறியது. அதனால் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற படிகங்களாக வளர்ந்தன. நான் ஆசைப்பட்ட புள்ளிகள் அவைதான். பசால்ட், எரிமலைக் குழம்பாக வெளியே கொட்டிச் சட்டென்று இறுகியது. படிகம் வளர நேரமில்லை. எல்லாம் பொடிப் பொடி.

சரக்கும் வேறு. கிரானைட்டில் சிலிகா சுமார் 70 சதவீதம், பசால்ட்டில் 50தான். இரும்பும் மக்னீசியமும் ஜாஸ்தி. அதனால் கறுப்பு, கனம்.

“தஞ்சாவூர் பெரிய கோயில் கிரானைட். எல்லோரா கைலாசநாதர் கோயிலைக் குடைஞ்சது பசால்ட்ல. 6.6 கோடி வருஷம் முன்னாடி தக்காணத்துல கொட்டின குழம்பு அது. ரெண்டுல எது மட்டம்னு சொல்லுவே?”

“அப்ப எங்க கல், சார்?”

“பசால்ட் சரக்கேதான். ஆனா வெளியே பாயாம, உள்ளேயே நின்னு கொஞ்சம் நிதானமா ஆறினது. டாலரைட், காப்ரோன்னு சொல்லுவோம். வியாபாரத்துல பாலிஷ் ஏறுற இந்த மாதிரி கெட்டிக் கல்லுக்கெல்லாம் கிரானைட்னுதான் பேரு. கடைக்காரர் ஏமாத்தலை. உன் சம்சாரம் எடுத்தது நல்ல கல். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமாப்பா?”

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார், வாரத்துக்கு ஒருத்தர் இப்படிக் கத்துவாங்க” என்றார். பெரிய மனுஷர்.

வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. சார் சொன்ன படிகம், சிலிகா, எல்லோரா எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் மௌனம்.

நாலாம் நாள் காலை, அந்தக் கறுப்புக் கல்லின் மேல் ‘டொக்’கென்று ஒரு டம்ளர் காபி வந்து உட்கார்ந்தது.

எடுத்துக் குடித்தேன். நன்றாக ஆறியிருந்தது.

ஒரு வார்த்தை பேசணுமே நான்!