செம்பூத விண்மீனும் பரீட்சை விடையும்

செந்நிறப் பூத விண்மீன்கள் தம் முதுமையில் உடற்பொருளை வானவெளியில் எவ்வாறு இறைக்கின்றன என்னும் வினாவிற்கு நம் மாணவர் எழுதும் விடை பெரும்பாலும் ஒன்றே. விண்மீன் விம்மித் தணியும், வாயு மேலெழும், எழுந்தது குளிர்ந்து தூசியாய்த் திரளும், விண்மீனின் ஒளி அத்தூசியைத் தள்ள, தூசி வாயுவையும் தன்னோடு இழுத்துச் செல்லும். விடை அழகியது, முழு மதிப்பெண்ணும் பெறுவது. ஆயினும் அதனை இனி ஐயத்திற்கு இடமற்ற முடிபாகக் கற்பித்தல் தகாது என்பது நம் அபிப்பிராயம்.

தென்வானில் டொராடோ மண்டலத்தில் ஆர் டொராடஸ் என்றொரு செம்பூதம் உண்டு. நமக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 180 ஒளியாண்டுத் தொலைவு. அவ்வினத்தில் இஃது அண்டை வீடு என்றே சொல்லலாம். சிலி தேசத்துப் பாரனல் மலைமேலுள்ள 8.2 மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கியில் ஸ்பியர் என்னும் கருவியைப் பொருத்தி இதன் சுற்றுப்புறத்தைப் படம் பிடித்தனர். காற்றின் கலக்கத்தால் உருவம் சிதையாதபடி அக்கருவியிலுள்ள ஓர் ஆடி நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் தன் வளைவைத் திருத்திக்கொள்கிறது. அன்றியும், தூசியிற் பட்டுச் சிதறும் ஒளியின் அதிர்வு பெரிதும் ஒரு திசைக்குக் கட்டுப்பட்டது. விண்மீனினின்று நேரே வரும் ஒளிக்கு அக்கட்டுப்பாடு இல்லை. இவ்வேற்றுமையே பிடியாக, விளக்கின் கூச்சத்தினின்று அதனைச் சூழ்ந்த புகையைப் பிரித்தறிவது போலத் தூசியைத் தனியே கண்டனர்.

கண்டதை ஆராய்ந்த ஸ்வீடன் தேசத்துச் சால்மர்ஸ் சர்வகலாசாலையார் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு யாது? துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினவே. ஒளி அவற்றைத் தள்ளி வானவெளிக்கு அனுப்பப் போதாது. காரணமும் தெளிவு. பிராணவாயு மிகுந்த இவ்வகை விண்மீனில் தோன்றும் சிலிகேட் தூசி, இரும்பு கலவாவிடின், கண்ணாடி போல் ஒளியைத் தன்னூடே விட்டுவிடும். ஒளியைச் சிதறச் செய்து அதனால் தள்ளப்பட வேண்டுமாயின், துகள் இன்னும் பருத்திருத்தல் வேண்டும்.

ஒரு விண்மீனின் சாட்சியத்தால் பாடநூலைப் புரட்டலாமோ என்பர் சிலர். நியாயமான கேள்வியே. கரி மிகுந்த செம்பூதங்களின் கரும்புகை ஒளியை நன்கு உண்பது. ஆங்குப் பழைய விடை உறுதியாய் நிற்கிறது. ஆர் டொராடஸிலோ வேறு துணை தேட வேண்டியுள்ளது. அதன் பரப்பில், சூரியனைப் போல் 75 மடங்கு பெரிய வாயுக் குமிழிகள் எழுந்தமிழ்வதை, அதே சிலியிலுள்ள ஆல்மா என்னும் ரேடியோத் தொலைநோக்கி 2023-இல் படமாக்கிற்று. அக்குமிழிகளோ, விண்மீனின் துடிப்போ, இரண்டுமோ தூசிக்குக் கைகொடுக்கலாம்.

நம் உடலிலுள்ள கரியில் ஒரு பகுதி இத்தகைய முதுவிண்மீன்கள் உதிர்த்தது. அஃது எங்ஙனம் வெளிப்போந்தது என்பதை நான்கு வரியில் ஒப்புவித்து மாணவர் எழுந்து போவதை நாம் விரும்பவில்லை. ‘எப்படி நிகழ்கிறது?’ என்று மட்டும் கேளாது, ‘எச்சான்றால் அறிந்தோம்?’ என்றும் வினாத்தாள் கேட்கட்டும். பாடநூல்கள் திருந்தச் சில ஆண்டுகள் செல்லும். ஆல்மாப் படங்களோ எவரும் காணும்படி வெளியாகியுள்ளன. வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும்.