பொம்மையா, பையா?

கோலாலம்பூர்லேருந்து கொழுந்தியா வந்திருந்தப்போ எங்க கடைக்குட்டிக்கு ஒரு கைப்பை கொண்டுவந்தா. கரடி முகம், முதுகுல ஜிப், உள்ளே நாலு மிட்டாய் வைக்கலாம். ரெண்டு நாள் டெலானிபூர் தெருவுல அந்தப் பையோட ஊர்வலம்தான். மூணாம் நாள் கரடிக்கு ஒரு கண்ணைக் காணோம். பிள்ளை வாயிலேருந்து வீட்டம்மா விரல் விட்டு எடுத்தாங்க.

"இதையெல்லாம் யாரும் சோதிச்சுப் பார்க்கவே மாட்டாங்களா?"ன்னு ராத்திரி கேட்டாங்க. நான் பி.காம். படிச்சு, பேங்க்ல இறக்குமதி பில்லோட பல வருஷம் குப்பை கொட்டினவன். பதில் எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம்.

சுங்க வரிப் பட்டியல்ல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. கைப்பை, பெட்டி, முதுகுப்பை எல்லாம் 4202. பொம்மைன்னா 9503. கரடிப் பை எதுல வரும்? 42-ஆம் அத்தியாயத்தைத் திறந்தா, "பொம்மை இங்கே வராது, 95-க்குப் போ"ங்குது. 95-க்குப் போனா, "4202-ல வர்ற பை இங்கே வராது"ங்குது. ரெண்டு பங்காளியும் 'என் வீட்டுப் பிள்ளை இல்லை'ன்னு கைகாட்டுற கதை! கடைசியில, இது முக்கியமா சாமான் வைக்கவா, விளையாடவான்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

அமெரிக்காவுல இது நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பிராசஸ்டு பிளாஸ்டிக்ஸ்ங்கிற கம்பெனி, தான் இறக்குமதி பண்ணின குழந்தைகள் முதுகுப்பையும் கடற்கரைப் பையும் பொம்மைதான்னு வாதாடுச்சு. காரணம் எளிசு: அப்போ அங்கே பொம்மைக்கு வரி இல்லாம இருந்துச்சு, அந்தப் பைக்கு 20 சதவீதம் இருந்துச்சு. 2006-ல மேல்முறையீட்டு நீதிமன்றம், "இது பைதான்"னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

நம்ம நாட்டுல கதை அப்படியே தலைகீழ். பொம்மைக்கான சுங்க வரியை 2020-ல 20-லேருந்து 60 சதவீதமாவும், 2023-ல 70 சதவீதமாவும் ஏத்தினாங்க. பைக்கு அதைவிட ரொம்பக் குறைவு. ஆக, அங்கே "பொம்மை"ன்னு சத்தியம் பண்ற அதே பையை இங்கே "பை"ன்னு சொல்லத்தான் வியாபாரிக்கு ஆசை வரும். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? கணக்கு அப்படிச் சொல்லுது.

வரி மட்டும்னா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2021 ஜனவரி 1-லேருந்து இந்தியாவுல விக்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிய்ஞ்சு வர்ற சின்னத் துண்டு, கூர்முனை, பெயின்ட்ல ஈயம் எல்லாம் சோதனையில பார்ப்பாங்க. ஆனா அந்த ஆணை பொம்மைக்குத்தான். 'பை'ன்னு முடிவாயிட்டா அந்தக் கேள்வியே எழாது. பட்டன் கண்ணு என்னவோ ரெண்டுலயும் ஒண்ணுதான்.

அமெரிக்காவுல 2008-ல கொண்டுவந்த சட்டம் இதை வேற மாதிரி யோசிச்சுது. பொம்மையோ பையோ, 12 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள பிள்ளைகளுக்காகவே செஞ்ச பொருள்னா, அதுல ஈயம் இவ்வளவுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு வரம்பு வெச்சுது. எண்ணைப் பார்க்கலை, பிள்ளையோட வயசைப் பார்த்துது.

என் கருத்தும் அதேதான். வரிக்கு 4202 போடுங்க, 9503 போடுங்க, அது அரசாங்கத்துக்கும் வியாபாரிக்கும் உள்ள கணக்கு. பாதுகாப்புச் சோதனை மட்டும் அந்த எண் பின்னாடி போகக்கூடாது. குழந்தைக்குன்னு செஞ்ச பொருள்னா, பேர் எதுவா இருந்தாலும் சோதனை ஒண்ணா இருக்கணும். நம்ம அபர்டீன் பஜார்ல தொங்குற பைக்கும் இது பொருந்தும்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுலேருந்து ஊருக்கு வர்றவங்க, பிள்ளைகளுக்குப் பை வாங்கும்போது கடையிலேயே கண்ணு, மூக்கு, ஜிப் முனை எல்லாத்தையும் ஒரு இழு இழுத்துப் பாருங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

எங்க வீட்டுக் கரடிக்கு மிச்சமிருந்த கண்ணையும் வெட்டிட்டு, கறுப்பு நூல்ல ரெண்டு கண்ணு தைச்சாச்சு. கொஞ்சம் மாறுகண்ணுதான். கடைக்குட்டிக்கு அதுதான் இப்போ இன்னும் பிடிச்சிருக்கு.