நீலம் பாய்ந்த பலகை

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில், 25, 30 வருஷம் பால் சுரந்து ஓய்ந்து, மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்படும் மரங்களிலிருந்து அறுத்தெடுக்கும் பலகை, வாளைவிட்டு விழும் க்ஷணத்தில் இளஞ்சிவப்பு இழையோடிய வெண்மையாக இருப்பதும், கவனிப்பாரற்றுச் சில நாள் கிடந்தால் சாம்பலும் நீலமுமாகக் கறுத்துப் போவதும், மரத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த விஷயம். ஆயினும், கறுத்த பின் அதை வெளுக்கப் படும் சிரமத்தில் பாதியைக்கூட, கறுக்காமல் காப்பதற்கு நாம் செலவிடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரப்பர் மரத்தில், தேக்குக்கு இருப்பதுபோல் நிறம் வேறுபட்ட வைரம் கிடையாது. உள்ளும் புறமும் ஒன்றாய், மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்து, ஈரமும் வெப்பமும் கலந்த நம் மலையடிவாரத்தில், வெட்டிய கையோடு அது பூஞ்சணங்களுக்கு அன்னசத்திரமாகி விடுகிறது. லாஸியோடிப்ளோடியா என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் கருநிறப் பூஞ்சணமே இதில் பிரதானம். அது மரத்தில் சேமித்துக் கிடக்கும் மாவுச்சத்தைத் தின்கிறதேயன்றி, மக்கச் செய்யும் பூஞ்சணங்களைப்போல் மரத்தின் கட்டுக்கோப்பையே கரைத்துவிடுவதில்லை. ஆகையால் பாரந்தாங்கும் வலிமை பெரும்பாலும் குன்றாது, திடீர் அடியைத் தாங்கும் சக்தி மட்டும் சற்றுக் குறையலாம். நீலம் பாய்ந்த பலகையையும், நகம் பட்டாலே பொடியும் மக்கிய பலகையையும் ஒரே குவியலில் தள்ளி ஒரே விலை சொல்வது, வாங்குகிற வியாபாரிக்குச் சௌகரியமே தவிர நியாயமன்று.

இழைத்துப் போக்கலாமா என்றால், ஆசாரி சீவச் சீவ நீலமும் உள்ளே தொடர்ந்துகொண்டே போகும். இரும்பாணி பட்டுக் கறுத்த கறையை எடுக்கும் ஆக்ஸாலிக் அமிலம் இதனிடம் பலிப்பதில்லை. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஓரளவு வெளுக்கும். ஆனால் மேற்பரப்பை மட்டுமே, அதுவும் பூசுகிறவன் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்தாக. முற்காலத்தில் பலகைகளை முக்கியெடுத்த பென்டாக்ளோரோபீனேட் எனும் விஷத்தைப் பல தேசங்கள் விலக்கியேவிட்டன. ஒரு நாற்காலி வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று எத்தனை பேர் அதைச் சுவாசித்தார்களோ!

தடியைத் தோட்டத்திலேயே போட்டு வைக்காமல், அன்றோ மறுநாளோ அறுத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரை அழுத்தத்தில் ஏற்றி, இடையிடையே நன்கு உலர்ந்த ரீப்பர் வைத்து அடுக்கி (ஈர ரீப்பர் வைத்தால் அதன் தடமே பட்டை பட்டையாகப் பதிந்துவிடும்), சூளையில் ஈரத்தைச் சுமார் 12 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால், நீலத்துக்கு இடமேயில்லை. 20 சதவீதத்துக்குக் கீழே பூஞ்சணம் வளர்வதில்லை. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், இப்படி அழுத்தத்தில் மருந்தேற்றும் உருளைக்கு எங்கே போவார்? அதைப் பொதுவில் நிறுவித் தருவது சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யத்தக்க காரியம்.

அப்படியும் நீலம் பாய்ந்தவற்றை, நீலமென்று சொல்லியே விலை குறைத்து, கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் வர்ணம் பூசும் அலமாரிக்கும் விற்கட்டும். மருந்தேற்றாமல் மட்டும் விற்கலாகாது. பூஞ்சணம் தின்று மிச்சம் வைத்த மாவுச்சத்தைத் தேடி, மரத்தைத் துளைத்து மாவாக உதிர்க்கும் வண்டு, வாங்கியவர் வீட்டுக்கே வந்து சேரும்.