வன்னி வீதிகளும் பாவித்த ஜீப்பும்: நாளாந்தப் பயணத்துக்கு எது தாங்கும்?

2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதிக்கான தடை நீக்கப்பட்டபோது, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளாக மூடிக் கிடந்த கதவு திறந்துவிட்டது, இனி விலை விழும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏராளம். நடந்தது வேறு. இறக்குமதித் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் அரைப்பங்கு மேலதிக வரி, இயந்திரக் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படும் உற்பத்தி வரி, ஆடம்பர வரி, அதற்கும் மேல் 18 சதவீத வற் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதில், புதிய வாகனம் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே நின்றுவிட்டது. இயந்திரம் பெருக்கப் பெருக்க உற்பத்தி வரியும் ஏறுவதால், நான்கு சில்லும் இழுக்கும் பெரிய ஜீப்புகளின் நிலை இன்னும் மோசம்.

ஆகவே வடக்கில் வாகனம் தேடும் ஒருவருக்கு எஞ்சியிருப்பது 2020க்கு முன்னர் நாட்டுக்குள் வந்து, இரண்டு மூன்று கை மாறிய வாகனங்கள்தான். அவற்றிலும் ஜீப், டபுள் கப் வகைகளுக்குத்தான் எங்கள் பகுதியில் கேள்வி அதிகம். காரணம் கேட்டால் 'றோட்டு சரியில்லை' என்ற ஒரே பதில் வரும். அந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் காசு கொடுக்க முன்னர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எந்த வீதி சரியில்லை என்று பார்ப்போம். ஏ9 வீதி போருக்குப் பின்னர் காபெற் போடப்பட்டது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35, பூநகரி ஊடாக மன்னாருக்குப் போகும் ஏ32 எல்லாம் சாதாரண கார் ஓடக்கூடிய வீதிகள்தான். சிக்கல், பிரதான வீதியை விட்டு இறங்கிய பிறகு வரும் கடைசி ஐந்தோ பத்தோ கிலோமீற்றர். துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, கண்டாவளை, வடமராட்சி கிழக்கு என்று எந்தப் பிரதேச செயலகப் பிரிவை எடுத்தாலும், பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் போகும் உள்வீதி கிரவல் வீதியாகத்தான் இருக்கும். மார்கழி மழையில் அது சேறு. ஆடியில் பலகைபோல் இறுகி, வரிவரியாய் விழுந்து, முள்ளந்தண்டை உலுக்கும். மீள்குடியேற்றம் நடந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் இந்தக் கடைசிப் பத்துக் கிலோமீற்றருக்குப் பேருந்தும் இல்லை, தாரும் இல்லை. அரசு செய்யாத வேலைக்கு ஒரு தாதியோ ஆசிரியரோ தன் கைக்காசில் ஜீப் வாங்கி ஈடுகட்டுகிறார் என்பதே இந்தச் சந்தையின் உண்மையான கதை.

அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீற்றருக்கு நான்கு சில்லு இழுவை வேண்டுமா? பெரும்பாலான நாட்களில் வேண்டாம். அங்கே தேவைப்படுவது இரண்டு. ஒன்று, அடிப்பாகம் கல்லில் இடிக்காத அளவு தரை உயரம். மற்றது, குலுக்கலை உடம்புக்குக் கடத்தாத மென்மையான ஸ்பிறிங். நான்கு சில்லு இழுவை சேற்றிலும் மணலிலும் வாகனத்தைக் கிளப்பி நகர்த்த உதவும். பிறேக் பிடிக்கும் தூரத்தை அது குறைக்காது. குளம் வான் பாய்ந்து வீதியைக் குறுக்கறுத்து ஓடும்போது அதைக் கடக்கும் வல்லமையையும் தராது. 'ஜீப்தானே' என்று வெள்ளத்துக்குள் இறங்குபவர், காரில் இருப்பவர் திரும்பிப் போகும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார். கடற்கரை மணல் வழியாக நாளாந்தம் போகவேண்டியவர், வயல்வெளிக்குள் வீடு உள்ளவர், மழைக்காலத்தில் நோயாளரை ஏற்றவேண்டியவர் ஆகியோருக்கு அது தேவைதான். மற்றவர்களுக்கு உயரமான, இரண்டு சில்லு இழுக்கும் வாகனமே போதுமானதாக இருக்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். எங்கள் மண்ணில் 'ஜீப்' என்ற சொல்லுக்கே ஒரு நிறம் உண்டு. படையினர் வந்தது ஜீப்பில். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனத்தார் வந்தது வெள்ளை ஜீப்பில். தேர்தலுக்குத் தேர்தல் அரசியல்வாதி வருவதும் அதில்தான். அதிகாரத்தின் வாகனமாக அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சொந்தமாக ஒன்று வாசலில் நிற்பது தரும் மனநிறைவு விளங்கக்கூடியதே. புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையில் உழவு இயந்திரம் முதல் மோட்டார் சைக்கிள் வரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் இது. ஆனால் அந்த மனநிறைவுக்கு மாதாமாதம் எரிபொருள் நிலையத்தில் கட்டணம் கட்டவேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. போக வர 100 கிலோமீற்றர், மாதம் 22 வேலைநாள் என்றால் 2,200 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் பழைய பெரிய ஜீப்புக்கு மாதம் 275 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு 14 ஓடும் சிறிய வாகனத்துக்கு 157 லீற்றர். இடைவெளி 118 லீற்றர். ஒரு லீற்றரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 35,000 ரூபாவுக்கு மேல். 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை, அதுவும் கட்டம் கட்டமாக, 40,000 ரூபா ஆக்குவதாகச் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2022ஐ மறந்துவிடவும் கூடாது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு வந்த கியூஆர் முறையில் தொடக்கத்தில் காருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். எட்டுக் கிலோமீற்றர் ஓடும் ஜீப்புக்கு அது 160 கிலோமீற்றர். மேற்சொன்ன ஆசிரியருக்கு இரண்டு நாள் பயணத்துக்குக்கூடக் காணாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய யாழ்ப்பாணத்தாருக்கு எரிபொருள் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் இன்றைய இயந்திரம் மண்ணெண்ணெயை ஏற்காது. அரசாங்கத்துக்கே இந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. சனாதிபதி செயலகம் 2025இல் ஏலத்தில் விற்ற வாகனங்களில் மொன்ரெரோ, நிசான் பற்றோல், றெக்ஸ்ரன் எல்லாம் இருந்தன.

இனி வசதி என்ற விடயம். கொழும்பில் இது சொகுசு பற்றிய பேச்சு. எங்கள் பகுதியில் அப்படி இல்லை. முதுகில் எறிகணைச் சிதறலோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால் போட்டவர்கள் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு உடைந்து பொருந்தியவர்கள், நீண்ட நேரம் இருந்தால் கால் மரத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு இருக்கையின் உயரமும் ஸ்பிறிங்கின் வகையும் மருத்துவ விடயங்கள். விற்பனை விளம்பரங்களில் இவை வருவதேயில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் முதலில் கழிபடுவது, எல்லோரும் ஆசைப்படும் டபுள் கப்தான். ஹைலக்ஸ், எல்200, நவாரா போன்றவை ஒரு தொன்னுக்குக் கிட்டப் பாரம் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றில் பின்பக்கம் இலை ஸ்பிறிங். பெட்டி வெறுமையாக இருக்கும்போது அது குதிக்கும். பின்னிருக்கையில் இருப்பவர் நிமிர்ந்த பலகையில் சாய்ந்ததுபோல அந்தக் குதிப்பு முழுவதையும் முதுகில் வாங்குவார். ஜிம்னி காட்டுக்கும் மேட்டுக்கும் கெட்டிக்கார வாகனம், ஆனால் நீளம் குறைந்தது. ஒவ்வொரு குழிக்கும் தலையாட்டும். நாளுக்கு 100 கிலோமீற்றருக்கு அது உடம்பை முறிக்கும். மொன்ரெரோ, லான்ட் குறூசர் பிறாடோ போன்றவை மென்மையாகவே ஓடும். அவற்றின் சங்கடம் எரிபொருளும், உதிரிப்பாக விலையும், ஏறி இறங்கும் உயரமும். செயற்கைக் காலோடு அந்தப் படியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறி இறங்குவது சிறிய விடயம் அல்ல. மறுபுறம், தாழ்ந்த காருக்குள் குனிந்து விழுந்து, பிறகு எழும்புவதும் அதே அளவு வலி.

இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருந்தால், ஏறாமலும் விழாமலும் பக்கவாட்டில் அமர்ந்து காலைத் திருப்பி உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அந்த உயரம் நடுத்தர வகைகளில்தான் கிடைக்கும்: ரொயோட்டா ராவ்4, நிசான் எக்ஸ்-ரெயில், ஹொண்டா சீஆர்-வி, சுசுகி கிராண்ட் விற்றாரா, சிறியதில் டைகற்சு ரெரியோஸ். கிராண்ட் விற்றாரா எந்நேரமும் நான்கு சில்லும் இழுக்கும் வகை. சேற்றுக்குத் தாழ்ந்த கியர் உள்ளவையும் உண்டு. விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் பெற்றோலை நன்றாகக் குடிக்கும். எக்ஸ்-ரெயில் ஹைபிறிட் எரிபொருளில் மிச்சம் பிடிக்கும். பற்றறியும் கியர்பெட்டியும் பழுதானால் அந்த மிச்சமெல்லாம் ஒரே நாளில் போகும். அவற்றைச் சோதித்துத் திருத்தக்கூடிய கராஜ் கிட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். என்னைக் கேட்டால், வன்னியின் நாளாந்தப் பயணத்துக்கு நல்ல பராமரிப்பில் உள்ள பழைய ராவ்4 அல்லது ரெரியோஸ், பளபளக்கும் டபுள் கப்பை விட உடம்புக்கும் பைக்கும் நல்லது.

இடது காலை இழந்தவருக்குத் தானியங்கிக் கியர் போதும். வலது காலை இழந்தவருக்கு மிதிகளை மாற்றவேண்டி வரும். அப்படியானால் வாகனத்தை வாங்க முன்னரே சாரதி அனுமதிப்பத்திர மருத்துவச் சான்றிதழ் வழங்கும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் எந்த மாற்றம் ஏற்கப்படும் என்று கேட்டுவிடுவது நல்லது.

வாங்கும்போது தரகர் சொல்வதைக் கேட்காமல் குனிந்து பார்க்கவேண்டும். ராவ்4, எக்ஸ்-ரெயில், வெசல் போன்றவை முன்சில்லு மட்டும் இழுக்கும் வகையாகவும் வந்திருக்கின்றன. பின்னச்சின் நடுவே டிஃப் தொங்குகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நான்கு ரயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்வு இல்லையென்றால், எந்நேரமும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தின் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கக்கூடும். நெம்புகோலால் மாற்றும் வகை என்றால் கிரவலில் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும்; காய்ந்த தார் வீதியில் அதைப் போட்டு வளைக்கக் கூடாது. ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடிக்கும்போது முன்சில்லில் 'டக் டக்' என்று கேட்டால் செலவு காத்திருக்கிறது.

இப்போது தனியாகக் கவனிக்கவேண்டியது வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் தண்ணீருக்குள் தள்ளிய வாகனங்கள் கழுவி மினுக்கப்பட்டு எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? இருக்கைப் பட்டியை அடிவரை இழுத்துப் பாருங்கள், நீர் நின்ற கோடு தெரியலாம். காபெற்றைத் தூக்கி, மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். டிஃப் ஒயிலை ஒரு சொட்டு எடுக்கச் சொல்லுங்கள். அது பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கரையோரத்தில் மீன் ஏற்றிய பிக்கப் என்றால் வெள்ளம் தேவையில்லை, ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணீரே சசியைத் தின்றிருக்கும். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடன் விடயத்தில், 2025இல் மத்திய வங்கி தனியார் கார், ஜீப் வகைகளுக்கான லீசிங்கை வாகனப் பெறுமதியின் 50 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியது. பாதிக் காசு கையில் வேண்டும். நகை, காணி, கனடாவில் இருக்கும் தம்பி என்று அதற்கு வழி தேடுகிறார்கள். மற்றப் பாதிக்குப் பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனமே முழு உரிமையாளராகப் பதியப்படும். நுண்கடனால் வீட்டுப் பொருளும் நிம்மதியும் இழந்த குடும்பங்களுக்கு இதன் கருத்தை விளக்கத் தேவையில்லை. தவணைத் தொகையை மட்டும் பார்த்து ஒப்பமிடாமல், தவணையோடு மேலே போட்ட எரிபொருள் கணக்கையும் சேர்த்து, அதில் ரயரையும் காப்புறுதியையும் கூட்டிய பிறகு சம்பளத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும்.

பெயர் மாற்றாமல், ஒப்பமிட்ட வெறும் படிவத்தோடு வாகனம் கை மாறுவது எங்கள் பகுதியில் வழமையாகிவிட்டது. விபத்து நடந்தாலோ, வாகனம் வேறு குற்றத்தில் தேடப்பட்டாலோ, பாதுகாப்புத் தரப்பு கேள்வி கேட்கத் தொடங்கினாலோ, மாட்டுப்படுவது பெயரில் இருப்பவரும் ஓட்டியவரும்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்விகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும். எம்.ரீ.ஏ 6, எம்.ரீ.ஏ 8 படிவங்களை இரு தரப்பும் நிரப்பி, சசி இலக்கமும் இயந்திர இலக்கமும் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால் பார்த்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தைப் பதிந்த பின்னர்தான் கடைசிக் காசைக் கொடுக்கவேண்டும்.

அதற்கும் முன்னர், வீட்டில் ஆருடைய முதுகு அல்லது கால் அதிகம் வலிக்கிறதோ அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னிருக்கையில் இருத்தி, காபெற் வீதியில் அல்ல, வேலைக்குப் போகும் அந்தக் கிரவல் வீதியிலேயே ஒரு தடவை போய் வாருங்கள். விற்பவர் மறுத்தால், வேறு வாகனம் பார்க்கலாம்.